தரைக்கு யார் காசு போடுவது? இடம் கிடைத்தும் திணறும் சிறிய கலைக் குழுக்கள்

2025ல் 18 வயதை எட்டிய, அல்லது அதைத் தாண்டிய சிங்கப்பூரரா நீங்கள்? அப்படியென்றால் உங்களுக்கு 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கிடைத்திருக்கும். 2028 இறுதிவரை செலவழிக்கலாம். தமிழ் நாடகம், பரதநாட்டியம், கச்சேரி என்று எதற்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம், பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல விஷயம். ஆனால் அந்தக் காசு வந்து சேர்வது மேடையில் விளக்கு எரியும் அந்த ஒரு மாலைக்கு. அதற்கு முன்னால் இருக்கும் ஆறு மாத ஒத்திகை எங்கே நடக்கிறது?

என் தோழி ஒருத்தி சிறிய நடனக் குழு நடத்துகிறாள். பன்னிரண்டு பேர். எல்லாரும் பகலில் வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவர்கள். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். அதற்கு முன் புளோக் கீழ்த்தளத்தில், சிமெண்டு மேலே ஆடியவர்கள். மாடி கிடைத்ததும் ஒரே கொண்டாட்டம். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, இங்கேயும் அதே கதைதான். கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ்.

"இடம் கிடைச்சிருச்சு. ஆனா தரை கிடைக்கலயே" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பரதத்தில் கால் தட்டுவது மெதுவாக வைப்பதில்லை. ஓங்கித் தட்ட வேண்டும், அதுவும் வெறுங்காலில், ஒரு மணி நேரத்தில் பல நூறு தடவை. மரத்தரைக்கு அடியில் சட்டமோ ரப்பரோ கொடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டால், அந்த அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட்டில் போட்டால் முழங்காலும் கணுக்காலும் முதுகும் வாங்கிக்கொள்ளும். பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று தெரியாது. இருபத்தைந்தில் தெரியும்.

சரி, அந்தத் தரையைப் போட்டுவிட்டால் போச்சு. யார் காசில்? சிங்கப்பூரில் சிறிய கலைக் குழுக்களின் இடப் பிரச்சினை பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

வாடகைக்கு உதவி உண்டு, அது உண்மைதான்

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கலைக் குழுக்களுக்கு இடம் கொடுக்கும் திட்டம் 1985லேயே தொடங்கிவிட்டது. தேசியக் கலைகள் மன்றம் வருவதற்கும் முன்னால். பழைய பள்ளிக்கூடங்கள், கடைவீடுகள், காலியாகக் கிடந்த அரசாங்கக் கட்டடங்கள் ஆகியவற்றைக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தின்கீழ் ஒரு குழு வாடகையில் 10 விழுக்காட்டைக் கட்டினால் போதும். மீதி 90ஐ மன்றம் பார்த்துக்கொள்ளும். மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் குழுவின் பொறுப்பு.

லிட்டில் இந்தியாவில் இதன் தடயத்தை நீங்களே நடந்து பார்க்கலாம். எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து, எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த வண்ண வண்ண டான் டெங் நியா வீட்டைத் தாண்டினால் கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. பிற்பாடு அந்தக் கடைவீடுகளில் கலைக் குழுக்கள் குடிவந்தன. 1952ல் தொடங்கிய பாஸ்கர்ஸ் ஆர்ட்ஸ் அகாடமி, மலாய்க் கலைக் குழுவான ஸ்ரீ வாரிசான், பின்னாளில் ஃபுனான் கடைத்தொகுதியில் சொந்த அரங்கம் அமைத்துக்கொண்ட வைல்ட் ரைஸ் நாடகக் குழு எல்லாம் இந்த ஒரே தெருவில் இருந்தவை. ஒரு பக்கம் ஜதி, இன்னொரு பக்கம் கொம்பாங் சத்தம், நடுவில் யாரோ ஆங்கில வசனம் மனப்பாடம் செய்வது. இப்படி ஒரு தெரு வேறெங்கே கிடைக்கும்?

அடுத்து வந்தவை பெரிய மையங்கள். 2011ல் குட்மன் கலை நிலையம், 2013ல் அலிவால் கலை நிலையம், இரண்டுமே முன்னாள் பள்ளிக்கூடங்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் ஸ்டாம்ஃபர்ட் கலை நிலையம் புதுப்பிக்கப்பட்டு, பாரம்பரியக் கலைகளுக்கான மையமாக 2018ல் மறுபடி திறந்தது. 1977ல் தொடங்கிய அப்சராஸ் ஆர்ட்ஸ் நடனக் குழு குட்மனில் இருக்கிறது.

ஆக, வாடகைக்கு உதவி உண்டு. நிகழ்ச்சிக்கும் மானியம் உண்டு. புதுக் குழுக்களுக்கு ஆரம்ப மானியம்கூட உண்டு. அப்புறம் என்ன?

பிடிஓ வீட்டுக் கணக்கு

இங்கே இரண்டு வகைக் காசைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதாமாதம் கரைந்துபோவது ஒன்று: வாடகை, சம்பளம், உடை, டிக்கெட் அச்சடிப்பது. இன்னொன்று ஒரே தடவையாக இறக்க வேண்டியது: தரை, கண்ணாடி, ஒலித்தடுப்பு, குளிர்சாதனம், விளக்கு, சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை. இரண்டாவதைத்தான் மூலதனச் செலவு என்கிறோம். முதல் வகைக்கு விண்ணப்பம் போடப் பல கதவுகள் இருக்கின்றன. இரண்டாவது வகைக்கு, குறிப்பாகச் சிறிய குழுவுக்கு, கதவுகள் குறைவு.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் அண்ணனோ அக்காவோ பிடிஓ வீடு வாங்கிய கதையை நினைத்துப் பாருங்கள். ரெனவேஷனுக்குப் பல்லாயிரம் வெள்ளி இறக்குகிறார்கள். பைத்தியமா அவர்களுக்கு? இல்லை, 99 ஆண்டுக் குத்தகை. வருஷக் கணக்கில் இருக்கப்போகிறார்கள். அதே ஆள் வாடகை அறையில் இருந்தால் சுவருக்கு ஒரு ஆணி அடிக்கவே யோசிப்பார்.

கலைக் குழுக்கள் வாடகை அறையில் இருப்பவர்கள். அரசாங்கக் கட்டடங்களின் வாடகை ஒப்பந்தம் பொதுவாக மூன்று ஆண்டு. புதுப்பிக்கலாம், ஆனால் உறுதி கிடையாது. ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்: தரை, கண்ணாடி, ஒலித்தடுப்பு எல்லாம் சேர்த்து ஒரு குழு 60,000 வெள்ளி போடுகிறது. மூன்று ஆண்டில் கிளம்ப வேண்டும் என்றால் அது மாதம் ஏறக்குறைய 1,670 வெள்ளி. ஒன்பது ஆண்டு இருக்கலாம் என்று முதல் நாளே தெரிந்திருந்தால், மாதம் 555 வெள்ளிதான். தரை அதே தரை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு எண் மாறினால் அதன் விலை மூன்றில் ஒன்றாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. வாடகை ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: கிளம்பும்போது இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அதாவது தரையைப் போடவும் காசு. அதைப் பெயர்த்து எடுக்கவும் காசு.

லிட்டில் இந்தியாவில் இது இன்னும் இறுக்கம். 1989ல் அந்த வட்டாரம் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால்தான் கடைவீடுகள் இன்றும் நிற்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முகப்பையும் பக்கச் சுவரையும் கூரையையும் நினைத்தபடி தொட முடியாது. நகரச் சீரமைப்பு ஆணையத்தின் விதிமுறைகள் இருக்கின்றன. குறுகிய கட்டடம், இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர், மரப் படிக்கட்டு, தீப் பாதுகாப்பு விதிகள். ஒரு சாதாரண ஒலித்தடுப்பு வேலைகூடக் கட்டட நிபுணர், வரைபடம், அனுமதி என்று இழுக்கும். எட்டு மணிக்குமேல் பன்னிரண்டு பேர் சலங்கை கட்டினால் பக்கத்துக் கடைக்காரருக்குப் பிரச்சினை. வேலைக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குமேல்தான் வர முடியும்.

சொந்தமாக வாங்கிவிடலாமே என்று கேட்காதீர்கள். மரபுக் கடைவீடு ஒன்றின் விலை பல மில்லியன் வெள்ளி. முதலீட்டாளர்கள் போட்டி போட்டு வாங்கும் சொத்து அது. 1949ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் ஸ்டார்லைட் ரோட்டில் தனக்கென ஒரு வளாகத்தோடு இருக்கிறது. இன்று புதிதாகத் தொடங்கும் ஒரு குழு அந்த நிலைக்கு வர எத்தனை தலைமுறை ஆகும்?

இருப்பவருக்கே சேரும் நிதி

நன்கொடை திரட்டலாமே? இது நியாயமான கேள்வி. இங்கேதான் கணக்கு ஒரு வேடிக்கையான திருப்பம் எடுக்கிறது.

2013ல் அரசாங்கம் 200 மில்லியன் வெள்ளியோடு கல்ச்சுரல் மேட்சிங் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கியது. கலை, மரபுடைமை அறநிறுவனம் ஒன்றுக்கு யாராவது ஒரு வெள்ளி கொடுத்தால், அரசாங்கமும் ஒரு வெள்ளி போடும். 2017லும் 2022லும் அதில் தலா 150 மில்லியன் வெள்ளி சேர்க்கப்பட்டது. ஓர் அமைப்புக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும், எதற்குச் செலவழிக்கலாம் என்ற விதிகளும் உண்டு.

இதோடு வரிச் சலுகையையும் சேர்த்துப் பாருங்கள். வரிவிலக்குத் தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு ஒரு நிறுவனம் 1,000 வெள்ளி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2026 இறுதிவரை நடப்பில் உள்ள விதிப்படி, 250 விழுக்காடு, அதாவது 2,500 வெள்ளி, அதன் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 17 விழுக்காடு நிறுவன வரி என்றால் மிச்சம் 425 வெள்ளி. ஆக நன்கொடையாளரின் கையிலிருந்து உண்மையில் போனது 575 வெள்ளி. கலை அமைப்புக்குக் கிடைப்பது, அரசாங்கத்தின் பங்கும் சேர்த்து, 2,000 வெள்ளி.

அருமையான ஏற்பாடு. என் தோழியின் குழுவுக்கு இதில் கிடைப்பது பூஜ்யம்.

ஏனென்றால் அவர்கள் அறநிறுவனமாகப் பதிவாகவில்லை. பதிய வேண்டுமானால் குறைந்தது மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழு, ஆண்டுதோறும் கணக்கறிக்கை, செயல்பாட்டு அறிக்கை. வரிவிலக்குத் தகுதிக்கு நிபந்தனைகள் இன்னும் அதிகம். இவை தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொதுமக்கள் காசு, கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பகலில் ஒரு வேலை, இரவில் ஒத்திகை, சனிக்கிழமை குழந்தைகள் வகுப்பு என்று ஓடும் ஒருத்தி எப்போது உட்கார்ந்து ஆண்டறிக்கை எழுதுவாள்?

பதிவு செய்துவிட்டாலும் அடுத்த தடை. கிடைத்ததற்கு ஈடாகக் கொடுப்பதுதான் இந்த நிதியின் அடிப்படை. ஒரு மில்லியன் திரட்டத் தெரிந்தவருக்கு ஒரு மில்லியன். மூவாயிரம் திரட்டுபவருக்கு மூவாயிரம். எஸ்பிளனேட்டின் 550 இருக்கை கொண்ட சிங்டெல் வாட்டர்ஃபிரண்ட் அரங்கம் 2022ல் திறந்தது. சிங்டெல் 10 மில்லியன் வெள்ளி கொடுத்தது, அரங்கத்துக்கு அதன் பெயர். பெரிய கட்டடத்துக்குப் பெயர் வைக்க ஆள் கிடைப்பார்கள். இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கடைவீட்டில் போட்ட மரத்தரைக்கு யார் பெயர் வைப்பார்?

சப்ஸ்டேஷன் சொல்லும் கதை

காசு வந்தாலும் பிரச்சினை வரலாம் என்பதற்கு ஆர்மீனியன் ஸ்திரீட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது.

நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் 1990ல் ஒரு பழைய மின்நிலையக் கட்டடத்தில் சப்ஸ்டேஷனைத் தொடங்கினார். சிறிய அரங்கம், காட்சிக்கூடம், வகுப்பறைகள். எந்த இனம், எந்த மொழி, எந்த வகை என்று பார்க்காமல் புதியவர்களுக்கு இடம் கொடுத்த வீடு அது. 30 ஆண்டில் கட்டடம் பழசாகிவிட்டது, பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. 2021ல் திட்டம் தெரியவந்தது: மன்றம் கட்டடத்தைப் புதுப்பிக்கும், வேலை முடிந்ததும் அது பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் மையமாகும், சப்ஸ்டேஷனும் அதில் ஒரு குடியிருப்பாளராகத் திரும்பி வரலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? காசு அரசாங்கத்துடையது. இடமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் சப்ஸ்டேஷன் அப்படிப் பார்க்கவில்லை. முழுக் கட்டடத்தையும் அதுவே நடத்தியது. அரங்கத்தை வாடகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. யாருக்கு வாய்ப்புக் கொடுப்பது என்று அதுவே முடிவு செய்தது. ஓர் அறையோடு திரும்பி வந்தால் அந்த இரண்டும் போய்விடும். அந்த ஆண்டு மார்ச் மாதம், நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. பிறகு மனம் மாறி, கட்டடம் இல்லாமலேயே தொடர்வது என்று முடிவெடுத்தது.

மூலதனக் காசு எந்தக் கையில் இருக்கிறது என்பது அதன் தொகையைப் போலவே முக்கியம். கட்டடத்துக்குள் போகும் காசு கட்டடத்தை நல்லதாக்கும். உள்ளே இருக்கும் குழுவை அது பலப்படுத்தலாம், பலவீனப்படுத்தவும் செய்யலாம்.

மன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. இடம் கேட்பவர்கள் நிறைய, கட்டடங்கள் கொஞ்சம். ஒரே குழு ஒரே கட்டடத்தில் முப்பது ஆண்டு இருந்தால், நேற்றுத் தொடங்கிய குழு எங்கே போகும்? பகிர்வு மையம் வந்தால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், நிறையப் பேர் பயன் பெறலாம். இன்றைய இளம் தமிழ் நாடகக் குழுக்களுக்கு அது உண்மையிலேயே கைகொடுக்கும். ஒத்திகைக்கு ஒரு வெற்று அறை, நான்கு நாற்காலி, போதும்.

நடனத்துக்கும் இசைக்கும் அப்படி அல்ல என்பது என் கருத்து. மிருதங்கத்தையும் தம்புராவையும் ஒவ்வொரு தடவையும் கிராப் காரில் தூக்கிக்கொண்டு போக முடியாது. உடைகள், சலங்கைகள், நடராஜர் சிலை, மேடைப் பொருள்கள் எங்கே இருக்கும்? தலைவரின் வீட்டு ஸ்டோர் ரூமில். அவர் ஓய்வு பெற்றால்? பாதிக் குழுக்களின் வரலாறு யாரோ ஒருவர் வீட்டு ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வேறு ஊரில் ஒரு முயற்சி

சான் ஃபிரான்சிஸ்கோவில் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகி வாடகை எகிறிய நேரம். 2013ல் அங்கே காஸ்ட் என்று ஓர் அமைப்பு தொடங்கியது. கென்னத் ரெய்னின் அறநிறுவனம் 5 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது. நகர மையத்தில் கட்டடங்களைக் காஸ்ட் வாங்கியது. அதில் கவுன்டர்பல்ஸ் என்ற நடன அமைப்புக்கு ஒரு கட்டடம். இடத்தைச் சரிசெய்து, அங்கேயே இயங்கிக்கொண்டு, நிதி திரட்ட அந்த அமைப்புக்குப் பல ஆண்டு அவகாசம். தயாரானதும், ஆரம்பத்தில் ஒப்புக்கொண்ட விலைக்கே வாங்கிக்கொள்ளலாம். நடுவில் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் சரி.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா? முடியாது. இங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது, கடைவீட்டு விலையைப் பற்றி மேலேயே பார்த்தோம். ஆனால் அந்த ஏற்பாட்டின் மையம் கட்டடத்தை வாங்குவது அல்ல. சிறிய குழுவால் வாங்கவே முடியாத ஒன்றை, அதாவது காலத்தை, வேறொருவர் வாங்கிக் கொடுத்தார். அதை இங்கேயும் செய்யலாம். அரசாங்கமே நில உரிமையாளர் என்பதால் இன்னும் சுலபமாகவே செய்யலாம். ஒரு குழு தன் காசில் தரை போட்டால், அந்தத் தரையின் ஆயுளுக்கு ஏற்ற ஒப்பந்தம் கொடுக்கலாம். அடுத்து வருவதும் நடனக் குழுதான் என்றால் தரையைப் பெயர்க்கச் சொல்லாமல் விடலாம், முடிந்தால் மிச்ச மதிப்பில் ஒரு பங்கைப் பழைய குழுவுக்குக் கொடுக்கலாம். அறநிறுவனமாகப் பதியாத நான்கு குழுக்கள், பதிந்த ஒரு மூத்த அமைப்பின் குடையின்கீழ் சேர்ந்து விண்ணப்பிக்க வழி செய்யலாம். இதற்கெல்லாம் 200 மில்லியன் தேவைப்படாது.

"நம் சிங்கப்பூர்க் கலைத் திட்டம்" 2023 முதல் 2027 வரைக்கும் உரியது. அடுத்த திட்டத்தைப் பற்றிய பேச்சு விரைவில் தொடங்க வேண்டும். வழக்கம்போல எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பார்வையாளர் என்ற எண்கள் அதில் வரும். எத்தனை குழுக்கள் ஐந்து ஆண்டுக்குமேல் ஒரே இடத்தில் இருந்தன என்ற எண்ணும் வந்தால், எனக்கு அதைப் படிக்க ஆசை.

தோழியின் குழு கடைசியில் தரை போட்டது. முழு மரத்தரை அல்ல. அடியில் ரப்பர் விரிப்பு, மேலே பலகை, ஆளுக்குக் கொஞ்சம் காசு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. மூன்றாவது ஆண்டு முடியும்போது வாடகை ஏறியது, கிளம்பினார்கள். பலகையைக் கழற்றினார்கள், டைல்ஸில் விழுந்த கீறலுக்கு முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடிகளை விற்க மனமில்லை. இப்போது அவை ஈசூனில் அவளுடைய வீட்டு வாசலுக்கு வெளியே, போர்வை போர்த்தி, சுவரில் சாய்ந்து நிற்கின்றன. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. போன மாதம் நான் போனபோது அவள் அளவு நாடாவை வைத்து அளந்துகொண்டிருந்தாள்.